தேவாலயத்தைச் சீரமைக்க முற்றத்திலிருந்து தொடங்குங்கள்

நகரத்தின் நடுவே நூறு, இருநூறு ஆண்டுகளாக நிற்கும் ஒரு தேவாலயத்தைச் சீரமைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பொறியாளர் இல்லை; ஆலயக் குழுவில் ஓர் உறுப்பினர். சுவரின் அடியில் ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்து கொட்டுகிறது. மணிக்கோபுர இடுக்கில் மரக்கன்று முளைத்திருக்கிறது. வாசலுக்கு முன்னால் உள்ள முற்றத்தில் வண்டிகள் நிற்கின்றன. கூட்டத்தில் ஒருவர், "முதல்ல பெயின்ட் அடிச்சிருவோம், மத்ததை அப்புறம் பார்க்கலாம்" என்கிறார். வேலை தவறான பக்கம் திரும்புவது பெரும்பாலும் இந்தப் பேச்சில்தான்.

இன்னொரு பிழையும் உண்டு. அது இன்னும் ஆழமானது. ஆலயம் ஒரு வேலை, முற்றம் வேறொரு வேலை என்று பிரித்துவிடுகிறோம். ஆலயம் சபையின் சொத்து, முற்றம் நகராட்சியின் பொறுப்பு. கணக்கு இரண்டு, ஒப்பந்தக்காரர்களும் இரண்டு பேர். மழை அப்படிப் பிரித்துப் பெய்வதில்லை. கூரையில் விழுந்த தண்ணீர் முற்றத்துக்குத்தான் வருகிறது. முற்றம் வழிவிடாத தண்ணீர் சுவரடிக்குப் போகிறது.

வெனிஸ் நகரத்தின் புனித மாற்கு பேராலயத்தைப் பாருங்கள். அதன் முன்னுள்ள சதுக்கம் அந்த நகரின் மிகத் தாழ்வான இடங்களில் ஒன்று. 2019 நவம்பர் 12 அன்று அங்கே கடல் மட்டம் 187 சென்டிமீட்டர் ஏறியபோது வெள்ளம் ஆலயத்துக்குள் புகுந்தது. தண்ணீர் வடிந்துவிட்டது, உப்பு மட்டும் செங்கல்லுக்குள்ளும் பளிங்குக்குள்ளும் தங்கிவிட்டது. ஆலயத்தைச் சுற்றி 2022-ல் கண்ணாடித் தடுப்பு எழுப்பினார்கள். உள்ளே இருக்கும் பொன்னோவியங்களைக் காப்பாற்றும் வேலை வெளியே, சதுக்கத்தின் தரையில் நடந்தது. உங்கள் ஊர் ஆலயத்துக்குக் கடல் வெள்ளம் வராமல் இருக்கலாம். கணக்கு இதேதான்.

முதல் படி: மழையில் நின்று பாருங்கள்

நிபுணரை அழைப்பதற்கு முன்பு, நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் குடையும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போங்கள். கூரை விளிம்பின் வாய்க்கால் எந்த இடத்தில் நிரம்பி வழிகிறது? எந்த இறங்குகுழாய் உடைந்து சுவரிலேயே பீய்ச்சுகிறது? முற்றத்தில் எங்கே குட்டை கட்டுகிறது? தரையின் வாட்டம் தெருவைப் பார்த்து இருக்கிறதா, வாசலைப் பார்த்து இருக்கிறதா? மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் மூன்றாம் நாளும் மறுபடி போய்ப் பாருங்கள். ஊரெல்லாம் காய்ந்த பிறகும் ஈரமாக நிற்கும் சுவர்த் துண்டைப் படத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து மட்டம் பாருங்கள். கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் நிரப்பிய டியூப் போதும். ஆலயத்தின் உள்தளத்தைவிட வெளித்தரை குறைந்தது 150 மில்லிமீட்டர் தாழ்ந்து இருக்க வேண்டும் என்பது பழைய கட்டடங்களுக்குச் சொல்லப்படும் பொதுவான அளவு. நகரத்து ஆலயங்களில் பல நேரம் இது தலைகீழாக இருக்கும். ஒவ்வொரு முறை முற்றம் புதுப்பிக்கப்படும்போதும் பழைய தளத்தைப் பெயர்க்காமல் அதன் மேலேயே புதிய தளம் போட்டிருப்பார்கள். பழைய புகைப்படம் கிடைத்தால் வாசற்படிகளை எண்ணுங்கள். படத்தில் ஐந்து படி, இன்று மூன்று என்றால் மற்ற இரண்டும் உங்கள் காலடியில் புதைந்திருக்கின்றன. ஓதத்துக்குக் காரணம் என்ன என்பதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: உடனே செய்வதும் உடனே நிறுத்துவதும்

கல் பெயர்ந்து விழக்கூடிய இடத்துக்குக் கீழே மறைப்புக் கட்டி ஆள் நடமாட்டத்தை நிறுத்துங்கள். வாய்க்கால்களில் சேர்ந்த சருகையும் புறா எச்சத்தையும் அள்ளுங்கள். ஓடு போன இடத்தைத் தார்ப்பாயால் மூடுங்கள். சுவரில் முளைத்த செடியைப் பிடுங்காதீர்கள். வேர் சாந்தையும் கல்லையும் சேர்த்து இழுத்துவரும். தண்டை அறுத்து விடுங்கள். அந்த இடத்துச் சாந்தை எடுக்கும் வேலை வரும்போது வேரையும் எடுக்கலாம்.

சிமென்ட் ஒட்டு, தண்ணீர் புகாத பெயின்ட், மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது, கூரைக்குள் வெல்டிங் ஆகியவற்றை எல்லாம் நிறுத்திவையுங்கள். யாராவது நல்லெண்ணத்தில் செய்து தருகிறேன் என்று வந்தாலும் வேண்டாம்.

மூன்றாம் படி: இருப்பதை இருப்பதுபோல் பதிவு செய்யுங்கள்

ஒவ்வொரு சுவரையும் நேர் எதிரே நின்று, அளவுகோலும் படத்தில் விழும்படி எடுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் நின்று எடுக்க வேண்டும் என்பதால் நின்ற இடத்தையும் குறித்துவையுங்கள். வசதி இருந்தால் லேசர் அளவீடு செய்யுங்கள். பாரிஸ் நோத்ருதாம் பேராலயத்தைக் கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டாலன் லேசர் கருவியால் முன்பே அளந்து வைத்திருந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று கூரை எரிந்து விழுந்த பிறகு, தீக்கு முன் அந்தக் கட்டடம் எப்படி இருந்தது என்பதற்கு அந்த அளவுகள் கைகொடுத்தன.

ஆலயத்தின் பழைய வரவு செலவுப் புத்தகங்களைத் தூசி தட்டுங்கள். எந்த ஆண்டு ஓடு மாற்றினார்கள், எப்போது சிமென்ட் பூசினார்கள், முற்றத்துக் கிணற்றை யார் மூடினார்கள் என்பதெல்லாம் ரசீதுகளில் இருக்கும். ரசீதில் இல்லாதது வயதானவர்களின் நினைவில் இருக்கும். அவர்களை முற்றத்துக்கே அழைத்துவந்து நடக்கவிட்டுக் கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து சொல்வதைவிட நடக்கும்போது அதிகம் நினைவுக்கு வரும்.

நான்காம் படி: ஆட்களும் அனுமதியும்

மூன்று பேர் தேவை: மரபுக் கட்டடங்களில் பழகிய கட்டடக் கலைஞர், கல்லும் செங்கல்லும் கொண்ட பழஞ்சுவர்களைப் புரிந்த கட்டமைப்புப் பொறியாளர், சுண்ணாம்பில் கைப்பழக்கம் உள்ள கொத்தனார். தேர்ந்தெடுக்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தச் சுவரில் இப்போது இருக்கும் சாந்து எது, அதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" ஒரு துண்டு எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று சொல்பவரிடம் மேலே பேசலாம். பார்த்த மாத்திரத்தில் எஸ்டிமேட் எழுதித் தருபவரை நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள்.

தொல்லியல் அல்லது மரபுத் துறை, திருச்சபையின் மேலிடம், நகராட்சி என்று அனுமதி தருபவர்கள் பலர். முற்றத்தின் எந்த அடி நிலம் யாருடையது என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாக விட்ட எல்லை, வடிகால் தோண்டும் நாளில் தகராறாக வந்து நிற்கும்.

ஐந்தாம் படி: எதுவரை கை வைப்பது

1877-ல் லண்டனில் எழுத்தாளரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் பழைய கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார். சீரமைப்பு என்ற பெயரில் தேவாலயங்களின் பழம்பூச்சைச் சுரண்டி எடுத்து, அவரவர் விரும்பிய நூற்றாண்டுக்குத் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. தினசரிப் பராமரிப்பால் சிதைவைத் தள்ளிப்போடுங்கள் என்று அவர் கேட்டுக்கொண்டார். மரபுக் கட்டடங்களைக் காப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் இன்னும் தெளிவாக ஒரு வரம்பு வைத்தது: ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். புதிதாகச் சேர்ப்பது பழையதோடு இசைந்து போக வேண்டும், ஆனால் புதியது என்று அடையாளமும் தெரிய வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இதை அழகாகச் செய்து காட்டியது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்து ஃபிரவுன்கிர்ஷே ஆலயம். 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சுத் தீயில் வெந்து சரிந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கற்குவியலாகவே கிடந்தது. 1994-ல் மறுகட்டுமானம் தொடங்கி 2005 அக்டோபர் 30 அன்று அர்ப்பணிக்கப்பட்டது. குவியலில் இருந்து பொறுக்கிய கறுத்த கற்கள் புதிய வெளிறிய கற்களுக்கு நடுவே அப்படியே தெரிகின்றன. முன்னுள்ள சதுக்கத்தில் நிற்கும் எவரும் அந்தக் கட்டடத்துக்கு என்ன நடந்தது என்று கேள்வி கேட்காமல் போக முடியாது. உங்கள் குழுவில் "எல்லாம் புதுசு மாதிரி பளபளன்னு இருக்கணும்" என்ற பேச்சு வரும். அப்போது இந்த ஆலயத்தின் படத்தைக் காட்டுங்கள். எனக்குத் தெரிந்து அதைவிட நல்ல பதில் இல்லை.

ஆறாம் படி: மேலிருந்து கீழே தண்ணீரை இறக்குங்கள்

வேலை வரிசையில் கூரைதான் முதலில். இரண்டு சரிவுகள் கூடும் மடிப்பு, கூரை சுவரோடு சேரும் ஓரம், கைப்பிடிச் சுவரின் பின்புறம் ஆகிய மூன்று இடங்களிலும்தான் ஒழுக்கு அதிகம் பிறக்கிறது. வாய்க்கால்களை இன்றைய கனமழைக்கு ஏற்ற அகலத்தில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அவசர வழிவாய் ஒன்று வையுங்கள். அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளே போகாமல் எல்லோரும் பார்க்கும்படி முற்றத்தில் கொட்ட வேண்டும். சுவருக்குள் மறைத்து இறக்கிய குழாய் இருந்தால் அதைக் கைவிட்டு வெளியே புதிது போடுங்கள். மறைந்திருக்கும் ஒழுக்கைப் பத்தாண்டுகள் கழித்தே கண்டுபிடிப்போம்.

ஏழாம் படி: விரிசல் அசைகிறதா?

எல்லா விரிசலும் ஆபத்தில்லை. ஆலயம் கட்டி முடித்த சில ஆண்டுகளில் அடித்தளம் அமர்ந்தபோது விட்ட விரிசல் அப்படியே உறங்கிக்கொண்டிருக்கலாம். அதன் குறுக்கே அளவுப்பட்டை பொருத்தி ஓராண்டாவது பாருங்கள். வெயில், மழை, குளிர் எல்லாம் ஒரு சுற்று வந்துபோக வேண்டும். வளர்கிறது என்று தெரிந்தால் காரணத்தை மறுபடியும் முற்றத்தில் தேடுங்கள். கசியும் சாக்கடை, சுவருக்கு மிக அருகே வளர்ந்த மரம், பக்கத்து மனையில் தோண்டிய ஆழமான பள்ளம் என்று வழக்கமாக அகப்படுபவை சில.

நிலத்தடி நீரோடு விளையாடக் கூடாது என்பதற்கு இரண்டு பேராலயங்கள் பாடம். இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயம் நீர் ஊறிய கரிமண்ணில் அமிழ்ந்துகொண்டிருந்தது. அடித்தளத்துக்குப் பள்ளம் தோண்டினால் தண்ணீர் நிரம்பியது. அதை இறைத்தால் சுவரே சரியும் அபாயம். அதனால் 1906 முதல் 1911 வரை வில்லியம் வாக்கர் என்ற முக்குளிப்பவர், கண்ணுக்கு எதுவும் தெரியாத கலங்கல் நீரில் கையால் தடவித் தடவி, கான்கிரீட் மூட்டைகளை அடுக்கி அடித்தளத்தைத் தாங்கவைத்தார். அதன் பிறகே தண்ணீரை இறைத்தார்கள். மெக்சிகோ நகரப் பேராலயத்தின் கதை வேறு. நகரமே நிலத்தடி நீரை உறிஞ்சியதால் அடியிலுள்ள களிமண் சுருங்கிக் கட்டடம் கோணலாக இறங்கியது. 1990-களில் அமிழாமல் மேலே நின்ற பகுதிகளுக்கு அடியிலிருந்து மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, அவற்றையும் இறக்கிச் சமன் செய்தார்கள்.

கற்களை இணைக்கப் போட்ட இரும்புக் கொக்கிகளையும் தேடச் சொல்லுங்கள். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். கல்லை உள்ளிருந்தே பிளந்துவிடும். துருப்பிடித்ததை எடுத்துத் துருவேறா எஃகு வைப்பதுதான் தீர்வு.

எட்டாம் படி: சுவரை மூச்சுவிட விடுங்கள்

பழஞ்சுவருக்கு ஈரம் வருவதும் போவதும் இயல்பு. சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும் அந்த ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் கதவை அடைத்ததுபோல் ஆகிவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, பூச்சு முடியும் இடத்தில் வெளிவரும். வரும்போது கரைந்த உப்பையும் கொண்டுவரும். தண்ணீர் காய, உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தை உதிர்க்கும். நாம் சுவர் பொரிந்துபோச்சு என்று சொல்வது இதைத்தான். சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். தேய வேண்டியது சாந்து; அதை மாற்றிக்கொள்ளலாம். கற்களுக்கு இடையிலான சந்தில் சிமென்ட் பூசினால் தேய்வது கல்.

பழைய சிமென்ட்டை எடுக்கும்போது நிதானம் வேண்டும். உளியால் தட்டினால் தானாகக் கழன்று வரும் இடத்தில் எடுங்கள். கல்லோடு இறுகிப் பிடித்த இடத்தில் கல்லை உடைத்து எடுப்பதைவிட இருக்கட்டும் என்று விடுவது நல்லது. எடுத்த சுவர் உடனே காயாது. பருத்த சுவர் உலர ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகும். குழுவில் எல்லோரும் பொறுமை இழப்பது இந்தக் கட்டத்தில்தான். திறப்பு விழாத் தேதியை முன்கூட்டி அறிவிக்காதீர்கள்.

சுண்ணாம்பு எப்படி இறுகுகிறது என்று தெரிந்தால் வேலையைக் கண்காணிக்க எளிது. சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறும். சுட்டதைத் தண்ணீர் விட்டு நீற்றி, தண்ணீருக்கடியில் பல மாதம் ஊறவிட்டால் வெண்ணெய் போன்ற சுண்ணாம்பு கிடைக்கும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது வழக்கமான கலவை. உங்கள் சுவரின் மாதிரியைச் சோதித்து அதற்கேற்ப மாற்றுவார்கள். பூசிய பிறகு அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது. இதற்கு நேரமும் லேசான ஈரமும் தேவை. ஆகவே மெல்லிய பூச்சாக, ஒன்று இறுகிய பின் அடுத்ததாகப் பூச வேண்டும். நேர்வெயில் படாமல் ஈரச் சாக்கு தொங்கவிட வேண்டும். கடுங்குளிர் உறையும் நாடுகளில் உறைபனிக் காலத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும். சாக்கு காய்ந்திருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பார்ப்பது குழு உறுப்பினரே செய்யக்கூடிய வேலை.

சுத்தம் செய்வதில் அளவு வேண்டும். சுண்ணாம்புக்கல் சுவரில் மழை படாத மறைவிடங்களில் கறுப்புப் படலம் ஏறியிருக்கும். புகையிலுள்ள கந்தகம் கல்லோடு சேர்ந்து உண்டான ஜிப்சம் அது. கண்ணில் படாத மூலையில் ஒரு சாண் அளவுக்குச் சோதித்துப் பார்த்த பிறகே பெரிதாகத் தொடங்குங்கள். லண்டன் புனித பவுல் பேராலயத்தின் உட்சுவர்களை, மேலே பூசி உரித்தெடுக்கும் ரப்பர்ப்பால் பசையால் சுத்தம் செய்தார்கள். உள்ளும் புறமுமாக அந்தப் பேராலயத்தின் சீரமைப்பு 15 ஆண்டுகள் நடந்து 2011-ல் முடிந்தது.

ஒன்பதாம் படி: மரம், கண்ணாடி, தீ

உத்திரத்தின் நடுப்பகுதி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சுவருக்குள் புதைந்த முனைகள்தான் இற்றுப்போகும். இற்ற முனையை மட்டும் அறுத்து, அதே இன மரத்தில் ஒட்டுப்போடத் தெரிந்த தச்சர் இருந்தால் முழு உத்திரத்தையும் இழக்க வேண்டியதில்லை. நிறக்கண்ணாடிக்கு வெளியே பாதுகாப்புக் கண்ணாடி போடுவதானால் இரண்டுக்கும் நடுவே காற்று ஓட வழி விடுங்கள். இல்லாவிட்டால் அங்கே வியர்த்து ஈயச் சட்டத்தைக் கெடுக்கும்.

சாரம் கட்டியிருக்கும் மாதங்களில்தான் பழைய ஆலயங்களுக்குத் தீ அபாயம் அதிகம். நோத்ருதாம் எரிந்தபோதும் கூரையில் சீரமைப்பு நடந்துகொண்டிருந்தது. நெருப்பு, பொறி, வெப்பம் வரும் எந்த வேலையும் கூரையில் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். மாலையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒருவர் மேலேறிச் சுற்றிப் பார்த்த பிறகே பூட்ட வேண்டும்.

பத்தாம் படி: முற்றம்

சாரம் இறங்கி, கனரக வண்டிகள் போன பிறகு முற்றத்தின் தளவேலை தொடங்கட்டும். வடிகால் திட்டம் மட்டும் முதல் நாளிலேயே வரைந்து முடிந்திருக்க வேண்டும். கூரைக் குழாய்கள் எங்கே இறங்குகின்றன என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

தோண்டுமுன் தொல்லியலாளரை அழைத்துவிடுங்கள். பல நகரங்களில் ஆலய முற்றம் ஒருகாலத்துக் கல்லறைத் தோட்டம். லண்டனின் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் கிறிஸ்து ஆலயத்தின் நிலவறையில் 1984 முதல் 1986 வரை நடந்த அகழ்வில் ஏறத்தாழ 1,000 பேருடைய எச்சங்கள் எடுக்கப்பட்டன. நோத்ருதாம் முற்றத்தின் அடியிலோ ரோமானியர் காலம் முதலான கட்டடச் சுவடுகள் கிடக்கின்றன. மக்கள் இறங்கிப் பார்க்க 1980-ல் அவற்றைத் திறந்துவிட்டார்கள். எலும்புகள் தென்பட்டால் என்ன செய்வது, எங்கே மரியாதையோடு மீண்டும் அடக்கம் செய்வது என்பதை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். அன்றைய தினம் கடப்பாரையோடு நிற்பவரிடம் அந்த முடிவை விடக் கூடாது.

பிறகு மட்டத்தைக் குறையுங்கள். மேல்மேலாகப் போட்ட தளங்களைப் பெயர்த்து, புதைந்த படிகளை வெளியே கொண்டுவாருங்கள். சுவரிலிருந்து தெருவைப் பார்த்து 50-க்கு 1 என்ற அளவில் வாட்டம் கொடுத்தால் தண்ணீர் தானே ஓடும், நடப்பவர் காலுக்கும் தெரியாது. சுவரை ஒட்டி ஒரு பட்டை அகலத்துக்குத் தளம் போடாமல் கூழாங்கல் நிரப்பி, அடியில் துளைக்குழாய் வைத்து வடிகாலில் சேருங்கள். அந்தப் பள்ளம் அடித்தளத்தின் ஆழத்துக்குக் கீழே போய்விடக் கூடாது. தளக்கற்களை கான்கிரீட் பலகையின் மேல் ஒட்டாமல், மணல் படுகையில் இடைவெளி விட்டுப் பதித்தால் மண்ணும் மூச்சுவிடும். பின்னால் குழாய் பழுதுபார்க்க வேண்டுமானால் கல்லைக் கழற்றி மறுபடி வைக்கலாம்.

சக்கர நாற்காலியில் வருபவர் பக்கவாட்டு வழியில் சுற்றி வர வைக்காதீர்கள். முற்றத்தின் மட்டத்தையே மெல்லச் சாய்த்துப் பிரதான வாசலுக்கு எல்லோரும் ஒரே வழியில் வரும்படி செய்ய முடிகிறதா என்று முதலில் பாருங்கள். சாய்வு 20-க்கு 1 என்றால் ஏறுவது எளிது. 12-க்கு 1-ஐவிடச் செங்குத்தாகப் போகவே கூடாது. லண்டனின் புனித மார்ட்டின் ஆலயத்தில் 36 மில்லியன் பவுண்டு செலவில் நடந்து 2008-ல் முடிந்த புதுப்பிப்பு நல்ல முன்மாதிரி. ஆலயத்தை ஒட்டிய திறந்தவெளியில் சிறிய கண்ணாடிக் கூடம் ஒன்றை நிறுத்தி, அதன் வழியே நிலவறைக்கு இறங்கவைத்தார்கள். பழைய முகப்பில் கை வைக்காமலே புதிய வாசல் கிடைத்துவிட்டது.

வண்டி நிறுத்தத்தை எடுப்பதில்தான் எதிர்ப்பு வரும். நிலவறையின் வளைவுகள் முற்றத்துக்கு அடியிலும் நீண்டிருந்தால் பாரத்தைக் காரணமாகச் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் சவ ஊர்தியும் திருமண வண்டியும் தீயணைப்பு வண்டியும் வந்து திரும்ப இடம் விட்டே ஆக வேண்டும்.

நிழல் வேண்டும், மரம் நடுங்கள். சுவரிலிருந்து தள்ளி, முகப்பை மறைக்காத இடத்தில். நோத்ருதாமின் முற்றத்துக்காக நிலவெளி வடிவமைப்பாளர் பாஸ் ஸ்மெட்ஸ் வரைந்த திட்டத்தில் மரங்களோடு, வெயில் நாளில் தரைமேல் 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் தண்ணீர் ஓடவிட்டுக் குளிர்விக்கும் யோசனையும் உண்டு. அந்த அளவு தொழில்நுட்பமும் பராமரிப்பும் கைவசம் இல்லாவிட்டால் சுவருக்குப் பக்கத்தில் நீரூற்று வைக்கும் ஆசையைக் கைவிடுங்கள். விளக்கு பொருத்தக் கல்லில் துளையிடாமல் சாந்துச் சந்தில் இடச் சொல்லுங்கள், சந்தை அடைத்துவிடலாம்.

அந்த முற்றத்தில் யார் யார் உட்காருகிறார்கள், விற்கிறார்கள், இரவில் படுக்கிறார்கள் என்பதை வேலை தொடங்குமுன் ஒரு வாரம் கவனியுங்கள், அவர்களிடமே பேசுங்கள். வழிபாட்டுக்கு வராதவர்களுக்கும் அந்தப் படிக்கட்டு சொந்தம். அவர்களை விரட்டிவிட்டு வேலி போட்ட முற்றம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைப் பொது முற்றம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசிப் படி: ஒப்படைப்பு

வேலை முடியும் நாளில் கட்டடக் கலைஞரிடமிருந்து வரைபடங்கள், பயன்படுத்திய சாந்தின் கலவை, மணல் எடுத்த இடம், புதைத்த குழாய்களின் படம் எல்லாவற்றையும் வாங்கி ஆலய அலுவலகத்தில் வையுங்கள். மீந்த ஓடும் தளக்கல்லும் கொஞ்சம் சேமிப்பில் இருக்கட்டும். வாய்க்கால் துப்புரவுக்கு ஆண்டுக்கு இருமுறை, மழைக்காலத்துக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று பெயர் போட்டு ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் முழுவதும் பார்த்து அறிக்கை எழுதட்டும். அதற்கான பணத்தைச் சீரமைப்புக் கணக்கிலிருந்தே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.